காட்டுக்குள் ஒரு நர்சம்மா!



நான் காஞ்சிபுரத்தில் முப்பத்தைந்து வருடம் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒவ்வொரு ஜூன் மாதமும் புது வகுப்புக்குள் நுழைந்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி, "பெரியவங்களாகி என்ன ஆகப்போறீங்க?" என்பதுதான். டாக்டர், கலெக்டர், போலீஸ், பைலட் என்று பதில்கள் வந்து விழும். ஒரு வருடம், இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து, "நர்ஸ் ஆகணும் சார்" என்றாள்.

உடனே கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "டாக்டர் சீட்டு கிடைக்காதவங்கதானே சார் நர்ஸ் ஆவாங்க?"

வகுப்பே சிரித்தது. அந்தச் சிறுமி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் பதில் சொல்ல வாயெடுக்கும் முன்பே மணி அடித்துவிட்டது. அடுத்த நாள் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் பாடம் தொடங்கிவிட்டது, மறந்தும்விட்டேன். ஆனால் அந்தக் குனிந்த தலை என் மனதை விட்டுப் போகவே இல்லை. அன்று சொல்லாத பதிலை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

தறிக் குழிக்குள் ஒளிந்த பையன்

முதலில் என் கதை. எனக்கு ஐந்தாறு வயது இருக்கும். 1960-களின் நடுப்பகுதி. எங்கள் வீட்டில் பட்டுத் தறி இருந்தது. தரையில் குழி வெட்டி, அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துதான் நெசவு செய்வார்கள். மிதிபலகை அந்தக் குழிக்குள் இருக்கும். எங்களுக்குக் கண்ணாமூச்சி ஆட அதைவிட நல்ல இடம் கிடையாது!

அந்தக் காலத்தில் பெரியம்மை என்ற கொடிய நோய் இருந்தது. அதற்குத் தடுப்பு மருந்து போடுவதை 'அம்மை குத்துவது' என்பார்கள். "அம்மை குத்த வர்றாங்க!" என்று தெருமுனையில் யாராவது கத்தினால் போதும். பிள்ளைகள் பரணிலும் கட்டிலுக்கு அடியிலும் பதுங்குவார்கள். நான் தறிக் குழிக்குள் இறங்கிவிட்டேன்.

அன்று ஊசிக்காரரோடு ஒரு நர்சம்மாவும் வந்திருந்தார். வெள்ளைப் புடவை, கழுத்துச் சங்கிலியில் சின்னச் சிலுவை. "பையன் எங்கே?" என்று அவர் கேட்கவே இல்லை. என்னை இழுக்கவும் இல்லை. பாட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பாட்டியின் மூட்டுவலியைப் பற்றி விசாரித்தார். தன் மாமியாருக்கும் அதே வலிதான் என்றார். தன் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். தறியில் இருந்த மாம்பழ நிறப் புடவையைப் பார்த்து, "கரை எவ்வளவு நேர்த்தி!" என்றார்.

குழிக்குள் எனக்குக் கால் மரத்துப்போனது. 'என்னைத் தேடவே மாட்டேன் என்கிறாரே!' என்று ஆற்றாமை வேறு. மெல்லத் தலையை நீட்டினேன். அவர் சிரித்தார். அவ்வளவுதான், நானாகவே வெளியே வந்து கையை நீட்டினேன்.

பின்னாளில் அந்த நர்சம்மாவைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன். பெரிய குடும்பம் அவருடையது. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், நாத்தனார் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் அவர்தான் ஆலமரம். காலையில் கோயில் பூசைக்குப் போய்விட்டு, வீட்டுக்குச் சமைத்து வைத்துவிட்டு, எங்கள் தெருக்களில் வந்து நடப்பார். அவர் காலமானபோது, அவர் கையால் பிறந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டு தறியை நிறுத்திவிட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர்.

வெகு நாள் கழித்து, அவரைப் போலவே இன்னொருவர் வெகு தொலைவில் ஒரு தீவில் வேலை செய்ததைப் பற்றி அறிந்தேன். ஆனால் அங்கே ஒளிந்திருந்தது ஒரு பையன் அல்ல. ஓர் இனமே ஒதுங்கி வாழ்ந்துகொண்டிருந்தது!

கடலுக்கு அப்பால்...

இந்திய வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வங்காள விரிகுடாவில் மிளகைத் தூவியது போலச் சில புள்ளிகள் தெரிகின்றனவா? அவைதான் அந்தமான் நிக்கோபார் தீவுகள். சென்னையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கும் மேல். கப்பலில் போனால் ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். தலைநகரின் பழைய பெயர் போர்ட் பிளேர். 2024-ம் ஆண்டு அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது.

இந்தத் தீவுகளில் மத்திய அந்தமானில் ரங்கத் என்ற ஊர் இருக்கிறது. அதன் அருகே உள்ள ராம்பூர் கிராமத்தில் 1972-ல் பிறந்தவர் சாந்தி தெரசா லக்ரா. ஒராவோன் என்ற பழங்குடி இனத்தைச் சேர்ந்தவர். 'அந்தமானில் ஒராவோன் மக்களா?' என்று கேட்பீர்கள். 1918-லிருந்து, இப்போதைய ஜார்க்கண்ட் மாநிலத்தின் ராஞ்சிப் பகுதியிலிருந்து காட்டு வேலைக்காகப் பல குடும்பங்கள் கப்பலேறி இங்கே வந்தன. 'ராஞ்சிக்காரர்கள்' என்றே அவர்களுக்குப் பெயர். அவர்களில் பலர் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். தெரசா என்ற பெயரிலேயே அந்த நம்பிக்கை தெரிகிறது அல்லவா?

சாந்தி பள்ளிப் படிப்பை முடித்து, ஏ.என்.எம். என்ற துணைச் செவிலியர் பயிற்சி பெற்றார். நம் ஊர்களில் கிராம சுகாதார நர்ஸ் வருவார் இல்லையா? கர்ப்பிணிகளைக் கவனிப்பது, பிரசவம் பார்ப்பது, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது எல்லாம் அவர் வேலைதானே? அதற்கான படிப்புதான் இது. 2001-ல் அவருக்குக் கிடைத்த பணியிடம், சின்ன அந்தமான் தீவில் உள்ள துகாங் கிரீக் துணை சுகாதார நிலையம்.

துகாங் என்றால் கடல்பசு. நம் ராமநாதபுரம் பக்கத்து மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் அதே சாதுவான விலங்குதான். கிரீக் என்றால் கடல்நீர் புகுந்து கிடக்கும் ஓடை. தலைநகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், அடர்ந்த காட்டின் ஓரத்தில் இருக்கிறது இந்த இடம். கடையும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. அங்கே வாழ்கிறவர்கள் ஓங்கே என்ற பழங்குடி மக்கள்.

672-லிருந்து 96!

ஓங்கே மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக இந்தத் தீவுகளில் வாழ்பவர்கள். காட்டுப்பன்றி வேட்டை, மீன்பிடித்தல், தேன் எடுத்தல், கிழங்கு தோண்டுதல் இவைதான் அவர்களின் தொழில். மரத்தைக் குடைந்து படகு செய்வதில் கெட்டிக்காரர்கள். களிமண்ணால் முகத்தில் அழகழகாகக் கோலம் வரைந்துகொள்வார்கள்.

இப்போது ஒரு கணக்கு. 1901-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஓங்கே மக்கள் 672 பேர். 1951-ல் 150 பேர். 2001-ல், அதாவது சாந்தி அங்கே போன அதே ஆண்டில், 96 பேர்! உங்கள் பள்ளியில் இரண்டு வகுப்புகளைச் சேர்த்தால் இந்த எண்ணிக்கை வந்துவிடும். ஒரு மொழியைப் பேசும் மக்கள் உலகத்திலேயே அவ்வளவு பேர்தான் என்றால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

ஏன் இப்படிக் குறைந்தார்கள்? முக்கியமான காரணம், வெளியிலிருந்து போன நோய்கள். நமக்குச் சளி, காய்ச்சல், தட்டம்மை எல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பழகியவை. அவர்கள் உடம்புக்கு அவை புதியவை. ஊருக்குள் தட்டம்மை வந்தால் நம்மில் சிலர் படுப்போம். மற்றவர்கள் கஞ்சி வைத்துக் கொடுப்பார்கள். அங்கேயோ எல்லோரும் ஒரே நேரத்தில் படுத்துவிடுவார்கள். தண்ணீர் கொண்டுவரக்கூட ஆள் இருக்காது! 1877-ல் பரவிய தட்டம்மை, பக்கத்துத் தீவுகளில் வாழ்ந்த 'பெரும் அந்தமானியர்' என்ற மக்களை அப்படித்தான் வாரிக்கொண்டு போனது. ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள், 1961-ல் வெறும் 19 பேர் ஆனார்கள்.

அதனால், துகாங் கிரீக்கில் ஒரு குழந்தை நல்லபடியாகப் பிறந்து வளர்வது அந்த வீட்டுக்கு மட்டும் சந்தோஷம் அல்ல. ஓர் இனத்துக்கே உயிர். ஒரு தாய் பிரசவத்தில் தவறிப்போனால், அது ஓர் இனத்துக்கே இழப்பு. எவ்வளவு பெரிய பொறுப்பு பார்த்தீர்களா?

முதல் மருந்து எது?

சரி, சாந்தி அங்கே போனதும் ஊசியை எடுத்தாரா? இல்லை! எடுத்திருந்தால் எல்லோரும் காட்டுக்குள் போயிருப்பார்கள், நான் தறிக் குழிக்குள் போனது போல!

அவர் முதலில் அந்த மக்களோடு பழகினார். அவர்கள் பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டார். ஓங்கே மக்கள் உடம்புக்கு முடியாமல் போனால் தங்கள் முறைப்படி மூலிகை, பச்சிலை, களிமண் பூச்சு என்று பார்த்துக்கொள்வார்கள். புதிதாக வந்தவர் கொடுக்கும் வெள்ளை மாத்திரையை ஏன் விழுங்க வேண்டும்? நம்பிக்கை வந்த பிறகுதானே விழுங்குவார்கள்? நம்பிக்கைதான் குழந்தைகளே, முதல் மருந்து.

இன்னொரு சிரமமும் இருந்தது. தடுப்பு மருந்து ஐஸ்கிரீம் மாதிரி. வெயிலில் வைத்தால் வீணாகிவிடும். பொதுவாக 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். கப்பல், படகு, காட்டுப் பாதை என்று எத்தனை மாறினாலும், ஐஸ் வைத்த பெட்டியின் குளிர் குறையக் கூடாது. ஊசி போட ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடத்துக்காக ஒரு பெரிய பயணம்!

கர்ப்பிணிகளின் எடை கூடுகிறதா, ரத்தசோகை இருக்கிறதா, பிறந்த குழந்தை தாய்ப்பால் குடிக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் ஒரு நர்ஸ் கண்காணிக்க வேண்டும். துகாங் கிரீக் போன்ற இடத்தில் டாக்டர் பக்கத்து அறையில் இருக்க மாட்டார். எது சாதாரணக் காய்ச்சல், எது ஆபத்தான காய்ச்சல், யாரை உடனே படகில் ஏற்ற வேண்டும் என்று அந்த நேரத்தில் முடிவு எடுக்க வேண்டியவர் நர்ஸ்தான்.

சாந்தியும் ஒரு தாய்தான். தன் சின்னஞ்சிறு மகனைக் குடும்பத்தாரிடம் விட்டுவிட்டுத்தான் மற்றவர்களின் பிள்ளைகளைக் காக்கப் போனார். அது எவ்வளவு கனமான விஷயம் என்று உங்கள் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

அலை வந்த நாள்

2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. சுமத்ரா தீவுக்கு அருகே கடலுக்கடியில் பயங்கரமான நிலநடுக்கம். நம் சென்னை, கடலூர், நாகப்பட்டினம் கடற்கரைகளில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட அதே சுனாமி, அதற்கு முன்பே அந்தமான் நிக்கோபார் தீவுகளைத் தாக்கியது.

துகாங் கிரீக்கில் என்ன நடந்தது தெரியுமா? பூமி குலுங்கியது. கடல்நீர் திடீரென்று உள்வாங்கியது. ஓங்கே மக்களுக்கு அதன் அர்த்தம் தெரிந்திருந்தது. கடல் பின்னால் போனால் பெரிதாகத் திரும்பி வரும் என்பது தலைமுறை தலைமுறையாக அவர்கள் சொல்லி வந்த செய்தி. எல்லோரும் மேட்டுப் பக்கம் ஓடினார்கள். குடியிருப்பை அலை அழித்தது. ஆனால் ஓங்கே மக்கள் உயிர் தப்பிவிட்டார்கள்! பள்ளிக்கூடம் போகாதவர்கள் என்று நாம் நினைக்கிற மக்கள், படித்தவர்களுக்கும் தெரியாத பாடத்தைக் கற்றுவைத்திருந்தார்கள்.

சாந்தியின் வீடும் உடைமைகளும் கடலோடு போயின. 'எனக்கு ஒன்றுமே மிச்சமில்லை, ஊருக்குப் போகிறேன்' என்று அவர் கிளம்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கிளம்பவில்லை. காட்டுக்குள் ஓங்கே மக்களோடு திறந்த குடிசையில் தங்கி, சிகிச்சையைத் தொடர்ந்தார். சுனாமிக்குப் பிறகுதான் நர்ஸுக்கு வேலை அதிகம். கிணறு, ஓடையெல்லாம் உப்பு நீராகிவிடும். வயிற்றுப்போக்கு வரும். தேங்கிய நீரில் கொசு பெருகி மலேரியா வரும். நூறு பேர்கூட இல்லாத ஓர் இனத்தில் அப்படி ஒரு நோய் பரவினால் என்ன ஆகும்? அதனால்தான் அவர் நின்றார். 2006 வரை அங்கேயே வேலை செய்தார்.

கால் உடைந்த சிறுவன்

பிறகு சாந்தி, தலைநகரில் உள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கு வந்தார். அங்கே பழங்குடி மக்களுக்கென்று தனி வார்டு உண்டு. வெளியாட்களின் நோய் அவர்களுக்குத் தொற்றாமல் இருக்கத்தான் அந்தத் தனி ஏற்பாடு.

அந்த மருத்துவமனைக்கு ஒரு பழைய கதையும் உண்டு. ஜாரவா என்ற மக்கள் வெளியாட்களை அம்பெய்து விரட்டிக்கொண்டிருந்த காலம். 1996-ல் கால் உடைந்து கிடந்த ஒரு ஜாரவா சிறுவனைக் கிராமத்தார் கண்டார்கள். அவனைக் கொண்டுபோய் இதே மருத்துவமனையில் சேர்த்தார்கள். சில மாதங்கள் சிகிச்சை. கால் குணமானதும் அவனைப் பத்திரமாகக் காட்டில் விட்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து ஜாரவா மக்கள் வில்லும் அம்பும் இல்லாமல் காட்டைவிட்டு வெளியே வரத் தொடங்கினார்கள்! நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் துப்பாக்கியால் முடியாதது, ஒரு கட்டிலருகே நடந்த பணிவிடையால் முடிந்தது.

ஆனால் நெருங்கிப் பழகியதில் ஆபத்தும் வந்தது. 1999-ல் ஜாரவா மக்களிடையே தட்டம்மை பரவியது. டாக்டர் ரத்தன் சந்திர கர் என்ற அரசு மருத்துவர் அப்போது அவர்களைக் காப்பாற்றப் பாடுபட்டார். அவருக்கு 2023-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. உதவி செய்யவும் வேண்டும். அளவு மீறி நெருங்கவும் கூடாது. எங்கள் ஊர் நெசவில் கோர்வை என்று ஒரு முறை இருக்கிறது. புடவையின் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்துகொண்டே இணைப்பார்கள். நூலை இறுக்கி இழுத்தால் புடவை சுருங்கும். தளர விட்டால் கரை பிரியும். பழங்குடி மக்களோடு பழகுவதும் அப்படித்தான்.

சாந்தி தெரசா லக்ராவுக்கு 2010-ல் செவிலியருக்கான தேசிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் விருது கிடைத்தது. 2011-ல் பத்மஸ்ரீ விருதும் தேடி வந்தது. பெரிய டாக்டர்களும் விஞ்ஞானிகளும் வாங்கும் விருதை, ஒரு துணைச் செவிலியர் வாங்கினார்! அதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. 96 பேராகக் குறைந்திருந்த ஓங்கே மக்களின் எண்ணிக்கை இப்போது 130-ஐத் தாண்டியிருக்கிறது. அதற்குப் பலருடைய உழைப்பு காரணம். அதில் சாந்தியின் பங்கும் இருக்கிறது.

அந்தச் சிறுமிக்கு என் பதில்

இப்போது கடைசி பெஞ்சுக் கேள்விக்கு வருவோம். டாக்டர் ஆக முடியாதவர் அல்ல நர்ஸ். அது தனிப் படிப்பு, தனித் தொழில். டாக்டர் நோயைக் கண்டுபிடித்து மருந்து எழுதுவார். அந்த மருந்து சரியான நேரத்தில், சரியான அளவில், சரியான ஆளுக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பவர் நர்ஸ். நடுராத்திரியில் நோயாளியின் மூச்சு மாறினால் முதலில் கவனிப்பவர் நர்ஸ். தறிக் குழிக்குள் ஒளிந்தவனை வெளியே வரவைப்பவரும் அவர்தான்!

இரண்டாவது வரிசையில் இருந்த என் மாணவியே, நீ இப்போது பெரியவளாகியிருப்பாய். உன் வீட்டுப் பிள்ளைகள் இந்தப் பக்கத்தைப் படிக்கவும் கூடும். அன்று மணி அடித்துவிட்டது என்பது சாக்குதான் அம்மா. நான் அன்றைக்கே பதில் சொல்லியிருக்க வேண்டும். நீ சொன்ன பதில் அந்த வகுப்பிலேயே நல்ல பதில்களில் ஒன்று.

மற்றவர்களுக்கு ஒரு வேலை. அடுத்த முறை உங்கள் தெருவுக்கு நர்ஸ் வந்தால் ஒளியாதீர்கள். "வாங்க சிஸ்டர்" என்று கூப்பிட்டு, முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாரோ!

தெரிந்துகொள்வோம்

* செவிலியர் தினம் மே 12. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1820-ல் பிறந்த நாள் அது. அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனால் இந்தியாவின் சுகாதாரத்தைப் பற்றி நிறைய எழுதினார்.

* இந்தியாவில் நர்ஸ் பயிற்சி தொடங்கிய முன்னோடி இடங்களில் ஒன்று, சென்னை அரசு பொது மருத்துவமனை. ஆண்டு 1871.

* அந்தமான் பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்குள் அனுமதியின்றி யாரும் போகக் கூடாது. 1956-லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது.

* பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுப் படிப்பு. அதன்பின் எம்.எஸ்சி., பிஎச்.டி. வரையிலும் படிக்கலாம். ஆண்களும் படிக்கலாம்!

* பெரியம்மை இப்போது உலகத்திலேயே இல்லை. இந்தியாவில் கடைசியாக அது காணப்பட்டது 1975-ல். ஊர் ஊராக, வீடு வீடாக நடந்த ஊசிக்காரர்களுக்கும் நர்சம்மாக்களுக்கும் நன்றி!